சைக்கிளைத் தாண்டி வாருங்கள்: 'இல் பூம்' படத்தைத் திரையிடக் கோரி ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரைப்படச் சங்கங்களில் படம் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

இத்தாலியப் படம் என்றதும் உங்கள் அட்டவணையில் முதலில் ஏறுவது விட்டோரியோ டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்'. அடுத்த ஆண்டும் அதுவே. மாறுதலுக்கு ஒருமுறை 'உம்பெர்த்தோ டி'. இரண்டும் மாணிக்கங்கள், சண்டையில்லை. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி மதராஸ் வரைக்கும் வந்த காலத்திலிருந்தே டி சிகா நமக்கு ஏழைகளின் இயக்குநர். ஆனால் அதே டி சிகா, அதே கதாசிரியர் சேசரே ஸவாட்டினியோடு உட்கார்ந்து, 1963-இல் பணக்காரனாக நடித்துத் திரியும் ஒருவனைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார். பெயர் 'இல் பூம்' (Il Boom). வரும் ஆண்டு அட்டவணையில் அதைச் சேருங்கள், சேர்த்தால் ஒழுங்காகத் திரையிடுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். இரண்டாவது பாதியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'சைக்கிள் திருடர்க'ளை எப்படி ஓட்டினாலும் அழுகை வந்துவிடும். இந்தப் படத்தை ஏனோதானோவென்று ஓட்டினால் கூச்சல் நிறைந்த பழைய காமெடி ஒன்றுதான் மிஞ்சும்.

கதை இது. ஜொவான்னி அல்பெர்த்தி ரோமில் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருக்கும் சிறிய ஆள். மனைவி சில்வியா ஒரு ஜெனரலின் மகள். அவளுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாதென்று வீடு, கார், விருந்து, இரவு நடனம் என வரவை மீறிச் செலவழிக்கிறான். விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லை. கடன் பத்திரங்களின் கெடு நெருங்குகிறது. சேர்ந்து கூத்தடித்த நண்பர்களிடம் கேட்டால் ஒருவரும் தருவதாக இல்லை. பெரிய கட்டட முதலாளி பவுசெத்தியைப் பிடித்தால் தப்பிக்கலாம் என்று அலைகிறான். (பெயரிலேயே பவுசு இருப்பது தற்செயல், தமிழ்ப் பார்வையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் சிரிப்பு.) அங்கே தொழில் பேச்சு நகராதபோது, பவுசெத்தியின் மனைவி அவனைத் தனியாகச் சந்திக்க அழைக்கிறாள். அந்த அம்மாளுக்குத் தன்மேல் ஒரு கண் என்று நினைத்துக்கொண்டு போகிறான். உண்மையிலேயே ஒரு கண்தான். அவள் கணவருக்கு ஒரு கண் இல்லை. ஜொவான்னியின் இரண்டில் ஒன்றை விலைக்குத் தர முடியுமா என்று கேட்கிறாள்.

முதலில் அவனுக்கு வருவது ஆத்திரமும் அருவருப்பும். அதற்குள் கடன் விஷயம் ஊருக்குத் தெரிந்து, சில்வியா பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவன் ஒப்புக்கொள்கிறான். முன்பணம் வந்ததும் கடனை அடைக்கிறான், மனைவி திரும்புகிறாள், பழைய நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுப் பெரிய விருந்து வைக்கிறான். அந்த விருந்தில் குடித்துவிட்டு அவர்களை வறுத்தெடுக்கிறான். கடைசியில் கிளினிக். அங்கிருந்து பயந்து ஓடுகிறான். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. அவன் திரும்பிப் போகிறான்.

இந்த மடலில் கண் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டோம். நீங்கள் தேர்வுக் குழு, உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். நோட்டீஸிலும் வாட்ஸ்அப் அழைப்பிலும் மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். 'கடனில் மூழ்கிய ஒருவனுக்கு ஒரு பணக்கார வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது' என்பதோடு நிறுத்துங்கள். அழைப்பு வரும்வரை படம் சாதாரணக் கடன்காரன் கதையாகத்தான் நடக்கும். அப்படி நடந்தால்தான் அந்தக் கேள்வி அரங்கின் நெஞ்சில் இறங்கும். முன்பே தெரிந்தவர்கள் 'எப்போது கேட்பாள்' என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி ஒரு படம் ஏன் கண்ணில் படாமல் போனது? 1963-ஐப் பாருங்கள். ஃபெல்லினியின் 'எட்டரை' அந்த ஆண்டு. கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய விஸ்கோன்தியின் 'சிறுத்தை' அந்த ஆண்டு. டி சிகாவே அதே ஆண்டில் சோபியா லோரனை வைத்து எடுத்த இன்னொரு படம் பிறகு ஆஸ்கர் வாங்கிற்று. நாயகன் அல்பெர்த்தோ சோர்தி இத்தாலியில் வீட்டுப் பிள்ளை. வெளியே அவ்வளவாகத் தெரியாதவர். அவருடைய நடிப்பில் பாதி குரலில் இருக்கிறது. இத்தாலியர்களுக்கு ஆலிவர் ஹார்டியின் குரல் என்றால் அது சோர்தி கொடுத்த பின்னணிக் குரல்தான். குரலால் சிரிக்க வைப்பவரை வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது கஷ்டம். அமெரிக்கத் திரையரங்குகளுக்கே இந்தப் படம் முறையாகப் போய்ச் சேர்ந்தது 2017-இல்தான். விமர்சகர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்திருக்கும். வேலையில்லாதவனுக்கும் ஓய்வூதியக் கிழவருக்கும் கண்ணீர் விட வைத்தவர், சூட்டுப் போட்ட கடன்காரனை வைத்துச் சிரிக்க வைத்தால் சறுக்கிவிட்டார் என்று தோன்றாதா?

சறுக்கவில்லை என்பது எங்கள் கட்சி. அதற்குச் சாட்சி 'உம்பெர்த்தோ டி' படத்திலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான கிழவர் தெருவோரம் நின்று பிச்சைக்குக் கை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு போட வரும் அந்தக் கணத்தில், மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுகிறார். பிறகு தொப்பியை நாயின் வாயில் கொடுத்து நிற்க வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறார். வயிற்றுக்கு இல்லாதபோதும் மானத்துக்குச் செலவழிக்கும் கை அது. பதினொரு ஆண்டு கழித்து ஸவாட்டினி அதே கையைத்தான் எழுதுகிறார். இம்முறை சட்டைக் கைப்பொத்தானுடன். ஜொவான்னி நண்பனிடம் கடன் கேட்கும் காட்சிகளைக் கவனியுங்கள்: கேட்டதும் கேட்காததுபோல, விளையாட்டுக்குச் சொன்னதுபோல, உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறான். ஆகவே தனியாக ஓட்டாதீர்கள். ஒரு வாரம் 'உம்பெர்த்தோ டி', அடுத்த வாரம் 'இல் பூம்'. இடையில் ஒரு மாதம் விட்டால் அந்தக் கை மறந்துபோகும்.

அறிமுக உரைக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதில் நியோரியலிசத்தின், அதாவது போருக்குப் பிந்தைய இத்தாலிய யதார்த்த சினிமாவின், வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்காமல், 'பூம்' என்றால் என்ன என்று சொல்லுங்கள். அது பொருளாதார எழுச்சிக்கு இத்தாலியர் கடன் வாங்கிய ஆங்கிலச் சொல். கடனைப் பற்றிய படத்தின் தலைப்பே கடன். 1958 முதல் 1963 வரை அந்நாட்டுப் பொருளாதாரம் ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 1958-இல் நூற்றில் 12 குடும்பங்களிடம் டிவி இருந்தது, 1965-இல் 49 குடும்பங்களிடம். ஃபிரிட்ஜ் 13-இலிருந்து 55. வாஷிங் மெஷின் 3-இலிருந்து 23. பக்கத்து வீட்டில் வந்துவிட்டது, நம் வீட்டில் இன்னும் வரவில்லை என்ற ஏழு ஆண்டுகள் அவை. இந்த எண்கள் போதும். கூடவே ஒரு சொல்: 'பெல்லா ஃபிகுரா'. நாலு பேர் முன்னால் எடுப்பாக, குறையில்லாமல் தோன்றுவது. அதன் எதிர்ப்பதம் 'ப்ருத்தா ஃபிகுரா'. தமிழில் சொன்னால் மானம் கப்பலேறுவது. இத்தாலியில் இது நடத்தை விதி. அதைச் சொல்லிவிட்டால் ஜொவான்னியை வெறும் ஊதாரி என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

இனி வசன வரிகள், அதாவது சப்டைட்டில். படம் வெல்வதும் தோற்பதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கில வரிகளிலிருந்து தமிழாக்காதீர்கள். இத்தாலிய மொழியில் நம்மைப்போலவே 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. ஆங்கிலம் அதை அழித்துவிடுகிறது. நண்பர்களுக்குள் 'நீ'. பவுசெத்தியிடம் 'நீங்கள்'. சில்வியா கணவனை 'நீ' என்றே அழைக்கட்டும். தமிழ்ப் பழக்கத்துக்காக அவள் வாயில் 'நீங்க' போட்டால், அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். பவுசெத்தியின் மனைவிக்கும் ஜொவான்னிக்கும் இடையில் மட்டும் இருபுறமும் 'நீங்க'. அவள் கேட்பதில் உள்ள பயங்கரமே அந்த மரியாதைதான். 'உன் கண்ணைக் கொடு' என்றால் அவள் வில்லி. 'உங்க ஒரு கண்ணை விலைக்குத் தருவீங்களா' என்றால் அவள் கடைக்கு வந்தவள். அந்த 'ஒரு' விடுபடக் கூடாது. வெறும் 'கண்' என்றால் தமிழில் இரண்டையும் குறிக்கும், பார்வையையும் குறிக்கும். 'கண் தானம்' என்ற சொல்லை எந்த வரியிலும் கொண்டுவராதீர்கள். அது இறந்தபின் கொடுக்கும் புண்ணியம். இங்கே நடப்பது உயிரோடு இருப்பவனின் வியாபாரம்.

அடுத்த தொல்லை 'கம்பியாலெ'. ஜொவான்னியின் கழுத்தை நெரிக்கும் கடன் பத்திரம் அது. 'கடன்' என்றோ 'பில்' என்றோ எழுதிவிட்டால் அவன் ஏன் இவ்வளவு பதறுகிறான் என்று யாருக்கும் புரியாது. நெருங்கிய தமிழ்ச் சொல் 'புரோநோட்டு', அதையே போடுங்கள். ஆனால் வித்தியாசம் ஒன்றை அறிமுகத்திலோ கையேட்டிலோ சொல்லியாக வேண்டும். நம் ஊரில் புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டு, டிகிரி வாங்கி, பிறகுதான் ஜப்திக்குப் போக முடியும். இத்தாலியில் முத்திரை வரி ஒழுங்காகக் கட்டிய கம்பியாலெவுக்கு வழக்கே தேவையில்லை. பத்திரமே ஜப்திக்குப் போதும். 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கெடு நாளில் பணம் வராவிட்டால் அடுத்த இரண்டு வேலைநாளுக்குள் நோட்டரியோ நீதிமன்ற அமீனாவோ 'ப்ரொதெஸ்தோ', அதாவது பணம் வரவில்லை என்ற சான்று, பதிவு செய்வார். 1955-ஆம் ஆண்டின் 77-ஆம் எண் சட்டப்படி அப்படிப் பதிவானவர்களின் பெயர்ப் பட்டியல் அந்நாட்களில் அச்சாகி வெளிவரும். வங்கி பார்க்கும், கடைக்காரர் பார்ப்பார், மாமனார் காதுக்கும் எட்டும். பணம் இல்லை என்பது ஒரு கவலை, பணம் இல்லை என்று அச்சில் வருவது இன்னொரு கவலை. ஜொவான்னி ஓடுவது இரண்டாவதைக் கண்டு. 'ப்ரொதெஸ்தோ' வரும் இடத்தில் 'எதிர்ப்பு' என்று எழுதினால் ஏதோ ஊர்வலம் போகிறது என்று நினைப்பார்கள். 'நோட்டு பவுன்ஸ் ஆயிடுச்சு' என்றால் பின்வரிசை வரை புரியும்.

பவுசெத்தியை எல்லோரும் 'கொம்மெந்ததோரே' என்று அழைப்பார்கள். அது அரசு தரும் கௌரவப் பட்டம். காசுள்ள தொழிலதிபரைக் குளிர்விக்க எல்லோரும் பயன்படுத்துவது. தானியங்கி மொழிபெயர்ப்பில் விட்டால் 'தளபதி' என்று வரும். கதையில் ஏற்கெனவே ஒரு ஜெனரல் மாமனார் இருக்கிறார், இரண்டு பட்டாளத்துக்காரர்கள் என்று குழம்பிவிடும். 'முதலாளி' போதும்; அந்தக் குழைவும் அதில் இருக்கிறது.

பணத் தொகைகளில் ஒரு பூஜ்யம் விழுவது வாடிக்கை. இத்தாலியர் மில்லியனில் எண்ணுகிறார்கள், நாம் லட்சம் கோடியில். 'தியெச்சி மிலியோனி' ஒரு கோடி, பத்து லட்சம் அல்ல. வரிகளில் வரும் ஒவ்வொரு தொகையையும் தனித் தாளில் எழுதி இன்னொருவர் சரிபார்க்கட்டும். இன்றைய ரூபாய்க்கு மாற்ற வேண்டாம், பொய்யான கணக்கு அது. லிரா என்றே விட்டுவிட்டு கையேட்டில் ஓர் அளவுகோல் கொடுங்கள். அன்று 625 லிரா ஒரு டாலர். ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. ஆக ஒரு ரூபாய்க்குச் சுமார் 131 லிரா. 1957-இல் வந்த குட்டி ஃபியட் 500 காரின் விலை 4,90,000 லிரா, அன்றைய நம் கணக்கில் ஏறத்தாழ 3,700 ரூபாய். படத்தில் கோடிக்கணக்கில் பேசும்போது பார்வையாளர் மனத்துக்குள் குட்டிக் கார்களாக எண்ணிக்கொள்வார்.

மொழிபெயர்க்க முடியாதது ஒன்றும் உண்டு. விலை கொள்ளை என்பதை இத்தாலியர் 'தலையிலிருக்கும் ஒரு கண்ணின் விலை' என்பார்கள். நாம் 'யானை விலை குதிரை விலை' என்பதுபோல அன்றாடம் வாயில் புழங்கும் பேச்சு. அந்த மரபுத்தொடரை ஸவாட்டினி அப்படியே நம்பி, நிஜமாகவே தலையிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று படமாக்கியதுபோல இருக்கிறது. இதை வரியில் கொண்டுவர முயன்று கெடுத்துவிடாதீர்கள். படம் முடிந்தபின் கலந்துரையாடலில் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

வரிகளின் அளவு: திரையில் இரண்டு வரி, வரிக்கு ஐந்து சொல். எட்டுச் சொல் கொண்ட வசனத்துக்கு 4 விநாடியாவது கொடுங்கள். சோர்தி கடகடவென்று கொட்டுவார். அவர் பேசுவதையெல்லாம் எழுதினால் பார்வையாளர் அவர் முகத்தையே பார்க்க மாட்டார். மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். திக்கல், 'இல்லை இல்லை', பாதியில் நிற்கும் வாக்கியம் ஆகியவற்றைக் குரலே சொல்லிவிடும். வரி எழுதும் மென்பொருள் விநாடிக்கு எத்தனை எழுத்து என்று சிவப்பில் எச்சரிக்கும், அதைப் பார்த்து மிரளாதீர்கள். 'கொடுக்கிறேன்' நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடு கணக்கில் பன்னிரண்டு. தமிழ்க் கோப்புக்கு அந்த வரம்பு பெரும்பாலும் இரட்டிப்பாகவே காட்டும். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

கோப்பு சார்ந்து மூன்று கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, நேரம் நழுவுவது. ஐரோப்பிய டிவிடிகள் விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), திரையரங்கப் பிரதி 24. டிவிடியை வைத்து எழுதிய வரிகளைத் திரையரங்கப் பிரதியோடு ஓட்டினால் முதல் காட்சியில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் முந்திக்கொள்ளும். கண்ணைக் கேட்கும் முன்பே அவன் அலறும் வசனம் திரையில் வந்துவிடும். தொடக்கத்தை மட்டும் தள்ளிச் சரிசெய்ய முடியாது, எல்லா நேரங்களையும் 1.0417-ஆல் பெருக்க வேண்டும். சோதிக்கும்போது முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பாருங்கள். முதலை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவதால்தான் இது நடக்கிறது.

இரண்டாவது, எழுத்து உடைவது. கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது கணினியில் அழகாகத் தெரிந்தாலும் வேறு இயந்திரத்தில் கிறுக்கலாகிவிடும். திரையரங்கில் டிசிபி என்ற டிஜிட்டல் பிரதி வடிவில் ஓட்டுவதானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்குள்ள பல சர்வர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், துணைக்கால் தனியாகத் தொங்கும். வரிகளை எழுத்தாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றையும் பிஎன்ஜி படமாக மாற்றிக் கொடுத்தால் பிரச்சினை தீரும். கொஞ்சம் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவது, வெள்ளையில் வெள்ளை. இது கறுப்பு வெள்ளைப் படம். வெயிலடிக்கும் ரோம், வெள்ளைச் சுவர், வெள்ளை மேசைவிரிப்பு, வெள்ளைச் சட்டை. கறுப்பு ஓரக்கோடு இல்லாத வெள்ளை எழுத்து பாதி நேரம் காணாமல் போகும். மெல்லிய கறுப்பு ஓரம் கட்டாயம். மஞ்சள் நிறம் வேண்டாம். அர்மாந்தோ நன்னுத்ஸியின் ஒளிப்பதிவில் நிறம் என்று வேறெதுவும் இல்லாதபோது அந்த மஞ்சள் மட்டும் கண்ணை உறுத்தும்.

அரங்கத்துக்கு வருவோம். புரொஜெக்டரில் 'டைனமிக்', 'விவிட்' போன்ற அமைப்புகளை விட்டு 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள். அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணையுங்கள், இல்லையேல் 1963-ஆம் ஆண்டுப் படம் நேற்றைய சீரியல்போல ஓடும். நிற வெப்பம் 6500 கெல்வின். அதற்கு மேல் போனால் சாம்பல் நிறமெல்லாம் நீலமடிக்கும். ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரிகிறதென்று படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். ஒலி ஒற்றைத் தடம். ஆம்ப்ளிஃபயரில் 'ஹால்', 'ஸ்டேடியம்' விளைவுகளை அணைத்துவிடுங்கள். சத்தத்தின் அளவைப் பியேரோ பிச்சியோனியின் ட்விஸ்ட் இசைக்கு வைக்காமல், இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சிக்கு வையுங்கள்.

ஒன்றை மறக்காமல் உங்கள் தன்னார்வலர்களிடம் சொல்லிவையுங்கள்: உதட்டசைவும் குரலும் சில இடங்களில் ஒட்டாது. அக்கால இத்தாலியப் படங்களில் குரல் பிறகுதான் பதிவாகும், பிரதியில் கோளாறு இல்லை. இது தெரியாமல் யாராவது நடுவில் ஒலியைத் தள்ளிச் 'சரிசெய்தால்' ஒட்டிய இடங்களும் ஒட்டாமல் போகும்.

படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இடைவேளை விடாதீர்கள். டீ, போண்டாவை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளலாம். ஒரு வசதி படிப்படியாக இன்னொரு வசதியைக் கேட்டு, அது கிளினிக் வரைக்கும் இழுத்துப் போவதுதான் இதன் ஓட்டம். நடுவில் விளக்கு எரிந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

பிரதிக்கு, எங்கிருந்தோ இறக்கிய கோப்பை நம்பாதீர்கள். புதுதில்லியிலும் மும்பையிலும் இத்தாலியக் கலாச்சார மையங்கள் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கேளுங்கள். உரிமையாளர் யார், உறுப்பினர்களுக்கு மட்டுமா பொதுமக்களுக்குமா, எத்தனை காட்சி என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் பாதி இழுபறி குறையும்.

நடிகர்கள் பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் பவுசெத்தி அம்மாளாக வரும் எலேனா நிகொலாய் பற்றி. அவர் பல்கேரியாவில் பிறந்த ஓபரா பாடகி, மிலானின் புகழ்பெற்ற ஓபரா அரங்கான லா ஸ்காலா மேடையில் பாடியவர். 1954-இல் மரியா காலாஸுடன் வெர்தியின் ஓபராப் பதிவொன்றில் பாடியிருக்கிறார். மேடையில் நின்று பழகிய உடம்பு, அவசரப்படாத குரல். அவர் ஜொவான்னியின் முகத்தைப் பார்க்கும்போது நகைக்கடையில் கல்லை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பவர்போலப் பார்ப்பார். அவன் அதை ஆசை என்று தப்பாக எடுத்துக்கொள்கிறான். அந்தக் காட்சியில் வசன வரி குறைந்தால் பரவாயில்லை. திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து நிரம்பி வழிந்தால் இரண்டு முகத்தையும் இழப்போம்.

கலந்துரையாடலில் முதலில் எழும் கேள்வி 'இதெல்லாம் நடக்குமா?' என்பது. பதிலைத் தயாராக வைத்திருங்கள். கருவிழி மாற்று அறுவை 1905-லேயே வெற்றி கண்டது. 1956-இல் மிலானில் இறந்த பாதிரியார் கார்லோ ஞொக்கி தன் கருவிழிகளைப் பார்வையற்ற இரு இளையோருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கான சட்டம் அப்போது இல்லை. அடுத்த ஆண்டே இறந்தவர் உடலிலிருந்து உறுப்பு எடுப்பதற்குச் சட்டம் வந்தது. உயிரோடு இருப்பவர் விஷயத்தில் 1942-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, உடலுக்கு நிரந்தரக் குறை உண்டாக்கும் எந்த ஒப்பந்தத்தையும் தடுக்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு: நேப்பிள்ஸில் ஓர் இளைஞன் காசுக்காகத் தன் விதைகளில் ஒன்றைப் பணக்காரர் ஒருவருக்கு விற்றான், 1934-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை விடுவித்தது. ஆக, 1963-இல் படம் பார்த்த இத்தாலியருக்குக் கண் கொடுப்பது என்றால் ஒரு பாதிரியாரின் தியாகம் நினைவில் இருந்திருக்கும். அதே கண்ணை ஸவாட்டினி கடன் பத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்.

நம் அரங்கில் பேச்சு சிறுநீரகத்துக்குப் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த கதையை அறிந்தவர்கள் இருப்பார்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் எதற்காக வந்தது என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் நெறியாளர் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். அங்கே விற்றவர்களைத் துரத்தியது வறுமை. ஜொவான்னிக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வீட்டை விற்று, காரை விற்று, சின்ன வீட்டுக்குக் குடிபோனால் அவன் பிழைத்துக்கொள்வான். அவனால் முடியாதது அது ஒன்றுதான். அதற்குக் கண்ணைக் கொடுப்பது எளிது என்ற முடிவுக்கு அவன் வருவதுதான் படம். இதைப் பிரித்துக் காட்டாவிட்டால் உரையாடல் உறுப்புத் திருட்டுச் செய்திகளாகக் கரைந்துவிடும். யாராவது கண்ணப்பரை எடுத்தால் விட்டுவிடாதீர்கள். காளத்தியில் கண்ணை இடந்து அப்பியவர் விலை கேட்கவில்லை, யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. இங்கே கேட்பவரும் இருக்கிறார், விலையும் இருக்கிறது, ஆனால் கோயில் இல்லை. அரை மணி நேரம் பேச இது ஒன்றே போதும்.

'நகைச்சுவை' என்ற முத்திரையை நோட்டீஸில் குத்த வேண்டாம். 'நாடகம்' என்றும் வேண்டாம். விருந்துக் காட்சியில் அரங்கம் சிரித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் தொடர்வார்கள். எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொருவரும் தானே முடிவு செய்யட்டும்.

கடைசியாக, விளக்குப் போடுபவருக்கு ஒரு வார்த்தை. அவன் கிளினிக்குக்குத் திரும்பும்போது படம் இன்னும் எதையோ சொல்லப்போகிறது என்று தோன்றும், சொல்லாது. 'ஃபீனே' என்று வரும், அவ்வளவுதான். முடிந்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தோன்றும் அந்த அரை நிமிடம் சுவிட்சில் கை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
திரையிடலிலும் வசன மொழிபெயர்ப்பிலும் உழைப்பவர்கள் சிலர்